நாலு ஓட்டை, ஒரு ஜீப்

மேட்டில் தன் ஜீப் முக்குகிற சத்தம் கேட்டு இருளப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இரண்டாவது கியரில் ஏற வேண்டிய மேட்டை மூன்றாவதில் இழுத்துக்கொண்டிருந்தான் மச்சினன் சசிதரன்.

“கொல்றானே! கியரை மாத்துடா டேய்!”

“ஏனுங்க, கத்தாதீங்க. தையல் பிரிஞ்சுக்கும்” என்று கஞ்சியோடு வந்தாள் மனைவி தீபலட்சுமி.

“ஜீப்பே போயிருச்சு. தையல் இருந்தா என்ன, போனா என்ன?”

ஜீப் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். கீழ் கோத்தகிரியில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் அந்தப் பழைய ஜீப்பை இருளப்பன் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார். ஸ்டியரிங்கை வேறு யாராவது தொட்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற தம்பிக்குச் சாயங்கால டிரிப்பையாவது கொடுங்கள் என்று தீபலட்சுமி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“தொடைக்க வேணா வரச் சொல்லு. ஓட்டறதெல்லாம் நான் செத்த பொறவு பாத்துக்கலாம்” என்பார்.

அப்படிப்பட்டவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. கோத்தகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சின்னச் சின்ன ஓட்டை போட்டே பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இருளப்பனும் தைரியமாகத்தான் படுத்திருந்தார். ஆபரேசனுக்குச் சற்று முன்னால் நர்ஸ் ஜோவிதா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். தட்டில் ஒரு குழாய். குழாய்க்குள் கூரான கம்பி.

“இதுக்குப் பேரு ட்ரோக்கார்ங்கண்ணா. மொதல்ல உங்க வயித்துல காத்தடிச்சு உப்ப வெப்போம். அப்புறம் இதை நாலு இடத்துல இறக்குவோம். கம்பியை உருவிட்டா குழாய் மட்டும் நிக்கும். அது வழியாத்தான் கேமரா, கத்திரி எல்லாம் உள்ள போகும். வால்வு இருக்குது, காத்து வெளிய வராது.”

‘இறக்குவோம்’ வரைக்கும்தான் இருளப்பன் காதில் விழுந்தது. ஸ்டியரிங் பிடித்த இத்தனை வருசத்தில், காற்றடித்த டயரில் நாலு இடத்தில் ஆணி இறங்கி அது பிழைத்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. பஞ்சர் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். இருளப்பன் எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலும் பிரிய மனமில்லாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்த சாவியை எடுத்து, பக்கத்தில் நின்ற சசிதரன் கையில் திணித்தார்.

“மாப்ளே, இனி ஜீப்பு உன்றது. அக்காளைப் பாத்துக்க.”

‘எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா’ என்று முன்னால் சேர்த்திருக்கலாம். பயத்தில் அது விட்டுப்போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் நாலே நாலு பிளாஸ்திரி.

இப்போது சசிதரன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். “மாமா, கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க. மாத்திரட்டுமா?”

இருளப்பன் பொறுமையாக ஆரம்பித்தார். “மாப்ளே, அன்னைக்கு நான் என்னமோ பேசினனாமா. மயக்க ஊசி போட்டா மனுசன் கண்டதையும் ஒளறுவானாமே?”

“ஊசியே போடலீங்களே!” என்றாள் தீபலட்சுமி. “அந்தக் கம்பியைப் பாத்ததும் சாவியைக் குடுத்துட்டீங்க.”

அதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார், ஆரஞ்சுப் பையோடு நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுச் சங்கிலி. “எங்க, காயத்தைக் காட்டு பாக்கலாம்.”

சின்னக் காயம், நாளைக்கே வண்டி ஓட்டலாம் என்று இவரே சொல்லிவிட்டால் நல்லதுதானே என்று இருளப்பன் சட்டையைத் தூக்கினார். சங்கிலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“காயம் எங்கப்பா?”

“அந்தப் பிளாஸ்திரிதானுங்கண்ணா.”

சங்கிலி தன் சட்டையைத் தூக்கினார். மாருக்குக் கீழே தொடங்கிய தழும்பு இடுப்புவரை போனது. “இது ஆபரேசன்! நான் ஒரு கோழியைக்கூட யாருக்கும் குடுக்கல. நீ கொசு கடிச்சதுக்கு ஜீப்பைக் குடுத்திருக்கற!”

பொழுது சாய்வதற்குள் எஸ்டேட் முழுக்க இதே பேச்சு. “கம்பியைக் காட்டினதுக்கே ஜீப்பு. கத்தியைக் காட்டியிருந்தா ஊட்டையே எழுதிக் குடுத்திருப்பாரு!”

இருளப்பனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மானம் போகும். கேட்காவிட்டால் ஜீப் போகும். கேட்காமலே வாங்க ஒரே வழிதான் தெரிந்தது. ஒன்றும் நடக்காதது போலப் போய் சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். பிடித்து இழுத்துவிடவா போகிறார்கள்?

காலையில் சசிதரன் சாவியை ஜீப்பிலேயே விட்டுவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் இருளப்பன் ஏறிவிட்டார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பின்னால் ஏறினார்கள். சசிதரனும் ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

“அண்ணா, மேலுக்குச் சரியாயிருச்சுங்களா?” என்றாள் பொன்னாயி.

“எனக்கென்ன? சிங்கமாட்ட இருக்கறேன்.”

முதல் கொண்டை ஊசி வளைவில் சிங்கம் ஸ்டியரிங்கை ஒடித்தது. வலது தோளில் சுரீர் என்று ஒரு வலி. வயிறு வலித்திருந்தால் பல்லைக் கடித்திருப்பார். கத்தி படாத தோள் எதற்கு வலிக்கிறது? பிரேக்கை மிதித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, ஹார்ட் அட்டாக்குங்க!” என்று அலறினாள் பொன்னாயி.

அவ்வளவுதான். பெண்கள் அவரைத் தூக்கிப் பின்னால் மடியில் கிடத்தினார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி முகத்தில் தண்ணீரை ஊற்றினாள், ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். சசிதரன் ஜீப்பைத் திருப்பிக் கோத்தகிரிக்குப் பறந்தான். மேட்டில் சரியாக இரண்டாவது கியர் போட்டான். இருளப்பனுக்குத் தோளைவிட அதுதான் அதிகம் வலித்தது.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. ஆபரேசனப்ப அடிச்ச காத்து கொஞ்சம் உள்ள தங்கியிருக்குது. அது தோள்லதான் வலி காட்டும். தானாச் சரியாயிரும். அதுசரி, யாரு உங்களை வண்டி ஓட்டச் சொன்னது?”

வாசலில் நின்ற கூட்டத்துக்குப் பொன்னாயி செய்தி சொன்னது உள்ளே நன்றாகவே கேட்டது. “ஒண்ணுமில்லையாமுங்க. காத்தாமா! ஆனா சசி தம்பி இல்லீன்னா நம்ம கதி என்னாகறது? இனித் தம்பி ஓட்டினாத்தான் நாங்க ஏறுவோம்.”

பஸ் பிடித்து ஓடிவந்த தீபலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேளை, ஜீப்பைத் தம்பி கையில குடுத்தீங்க. இருங்க, டீ வாங்கிட்டு வாறேன்” என்று வெளியே போனாள்.

இனி எந்த முகத்தோடு சாவியைக் கேட்பது? இருளப்பன் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நர்ஸ் ஜோவிதா பிளாஸ்திரி மாற்ற வந்தாள்.

“சிஸ்டர், எல்லாம் உங்களாலதான்! ஆபரேசனுக்கு வாற மனுசங்கிட்ட எதுக்குங்க அந்தக் கம்பியைக் காட்டறீங்க? பயத்துல கையில இருக்கறதைக் குடுத்துற மாட்டானா?”

ஜோவிதா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நாங்க யாருக்குமே காட்டறதில்லீங்கண்ணா. உங்க ஊட்டுக்காரம்மாதான், ‘அவருக்கு மட்டும் ஒருக்காக் காட்டிருங்க சிஸ்டர்’னு கெஞ்சிக் கேட்டு, தம்பியையும் கூட்டியாந்து பக்கத்துல நிறுத்தி வெச்சாங்க!”