முழங்கால் எந்தத் துறை?

அநீதி இழைக்கப்பட்டவர் என் சித்தப்பா, பஸ் கண்டக்டர். விபத்தில் அவருடைய வலது கால் தொடையோடு போய்விட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அநீதி அதற்குப் பிறகு நடந்தது: அரசு அவருக்குச் செயற்கைக் கால் கொடுத்தது, முழங்கால் இல்லாமல்.

இதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. தொடைப் பகுதி சிகிச்சை சார்ந்தது; ஆகவே சுகாதாரத் துறை. பாதத்தோடு கூடிய கீழ்ப்பகுதி பிழைப்புக்கான கருவி. ஆகவே தொழிலாளர் துறை. இரண்டு துறைகளும் தத்தம் பாகத்தைத் துணியில் சுற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மரியாதையாகவே கொடுத்தன. இரண்டையும் சேர்க்கும் முழங்கால் மட்டும் மறுவாழ்வு ஒருங்கிணைப்புக் குழுவின் மேலான பரிசீலனையில் இருந்தது.

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். "இந்த மாசக் கடைசிக்குள்ள நடந்து வந்து நில்லுங்க, பழைய ரூட்டுலயே போட்டுடறேன். அதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது" என்றார்.

சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பு அதிகாரியைப் பார்க்கப் போனேன்.

"குழு கூடிச்சா சார்?"

"கூடாம என்னம்மா? மாசாமாசம் கூடுறோம். முழங்கால் மடங்கினா அது ஓய்வு, சுகாதாரம் பாத்துக்கும். நிமிந்தா அது உழைப்பு, தொழிலாளர் துறை பாத்துக்கும். அதுவரைக்கும் முடிவு பண்ணிட்டோம்."

"மடங்குறதும் நிமிர்றதும் ஒரே முழங்கால்தானே சார்?"

"அதான் சிக்கலே" என்றார், ஒருவழியாக எனக்குப் புரிந்துவிட்ட திருப்தியோடு.

சித்தப்பா என் துப்பட்டாவை இழுத்தார். "விடும்மா. அவரும் பாவம், என்ன செய்வாரு."

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டு இந்த மனுஷர் வாராவாரம் பஸ் ஏறி, உங்க மாடிப்படி ஏறி, வரிசையில நின்னு உங்களைப் பாக்குறாரு. ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. இதுக்கு மேல அவர் என்னதான் செய்யணும்?"

அதிகாரி நெகிழ்ந்துபோனார். நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லி, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

"பாத்தீங்களா, கேக்குற மாதிரி கேக்கணும்" என்று படியிறங்கும்போது சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டையை அடுத்த படியில் பார்த்துப் பார்த்து ஊன்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே குழு கூடியது. எல்லாத் துறைகளும் முதன்முறையாக ஒருமனதாக முடிவெடுத்தன. அதிகாரி எழுந்து நின்று, சித்தப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு, அதை வாசித்தார்:

"பயனாளி பஸ் ஏறுகிறார், மாடி ஏறுகிறார், வரிசையில் நிற்கிறார் என்று அவருடைய அண்ணன் மகளே வாதிட்டு நிரூபித்திருப்பதால், அவர் முழுமையாக மறுவாழ்வு பெற்றுவிட்டதை இக்குழு மகிழ்ச்சியோடு அறிவிக்கிறது. முழங்கால் தேவைப்படவில்லை."