இங்கே எதுவும் கொடுக்கவில்லை

"எழுத்தெல்லாம் போயிடுச்சுங்க. அழுக்கு மட்டும் அப்படியே இருக்கு."

மனைவி ஈரத்துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். நேற்றுவரை அதில் 'அணுகுண்டும் வேண்டாம், அணு உலையும் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் சிவப்பாக எழுதியிருந்தது. இப்போது ரோஜா நிறத்தில் ஒரு மேகம் மட்டும் இருந்தது. அதன் நடுவே போன மழையில் ஒட்டிய சேற்றுக்கறை.

பிரேக் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதைத் துவைக்கச் சொல்லி உன்னை யார் கேட்டா?"

"தலைமை அலுவலகத்திலேருந்து ஒரு அம்மா வர்றாங்கன்னீங்களே. அழுக்கு பேனரைப் பிடிச்சிட்டு நின்னா என்ன நினைப்பாங்க? நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

நல்லதுக்குச் செய்தவர்களைத் திட்ட மாஸ்டருக்கு வராது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எத்தனையோ பேர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுவரில் இடித்திருக்கிறார்கள். "பரவாயில்லை, அடுத்த தடவை சுவர் நமக்கு வழிவிடும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், மற்றொன்று அவர் காலடியில். ஊரில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

வட்டார அணு எதிர்ப்பு அமைதிக் குழுவை அவர் நடத்துவதும் அதனால்தான்.

"உலகம் இன்னும் கத்துக்குட்டிதான்" என்பார் கேட்பவர்களிடம். "ஆண்டவன் அதையும் நம்பிச் சாவியைக் கொடுத்துட்டான். பக்கத்துல பிரேக்குல கால் வெச்சு யாராவது உக்கார வேண்டாமா?"

குழுவில் ஆறு பேர். மாஸ்டர், அவர் மனைவி, மனைவியின் அண்ணனான மருந்துக்கடைக்காரர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரக்கா, அவருடைய தங்கை, கடைசியாகக் குடைக்காரர். ஆறுக்குக் குறைந்தால் குழுவைக் கலைத்து, துறைமுக நகரத்துக் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே போக பஸ்ஸில் அரை நாள் ஆகும். போவார் யார்? 'உங்கள் குழு உயிரோடுதான் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வருகிறோம்' என்று தலைமை அலுவலகம் சொல்லியனுப்பியதிலிருந்து மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை அவர்கள் கடைத்தெருவில் மௌனமாக நிற்பார்கள். பழைய அரசாங்கக் கட்டடத்தின் சுவரை ஒட்டி, நடைபாதையை மறிக்காமல் ஒற்றை வரிசையில் நிற்கலாம் என்று போலீஸ் அனுமதி இருந்தது. நடுவில் யாராவது வாயைத் திறந்துவிட்டால் அன்றைக்கு நின்றது கணக்கில் சேராது. அது தலைமை அலுவலகத்து விதி. டீச்சரக்காவுக்கும் தங்கைக்கும் அது சிரமமாக இல்லை. வீட்டிலும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

"பேனர் இல்லாம எப்படி மாப்ளே நிக்கறது?" என்றார் மருந்துக்கடை மச்சான்.

"வெள்ளைத்துணிதானே? கறை படாத பக்கமா நாடா நாடாக் கிழிச்சுக் கையில கட்டிக்கலாம். வெள்ளைன்னா சமாதானம்னு யாருக்கும் தெரியும்" என்றாள் மாஸ்டரின் மனைவி.

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பேனர் இருந்தவரை மாஸ்டரும் மச்சானும் அதைத் தெருவைப் பார்த்து விரித்துப் பிடித்தபடி முன்னால் நிற்பார்கள். அதனால் அவர்களுக்குப் பின்னால் சுவரில் இருந்த ஜன்னல் யார் கண்ணிலும் படாது. பல வருஷமாகச் சாத்திக் கிடக்கும் ஜன்னல் அது. 'விண்ணப்பங்கள் இங்கே பெறப்படும்' என்று மேலே ஒரு தகரப் பலகை. இன்று அந்தப் பலகை பளிச்சென்று தெரிந்தது. அதற்கு நேர் கீழே கையில் வெள்ளை நாடாவோடு மாஸ்டர் நின்றார்.

கடைசியில் வழக்கம்போலக் குடைக்காரர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பின்சந்து வழியாக வந்து வாலில் சேர்ந்துகொள்வார். வெயிலோ மழையோ, தன் குடையைத் தனக்குப் பிடிக்காமல் முன்னால் நிற்கும் டீச்சர் தங்கைக்குப் பிடிப்பார். பதினொன்று அடித்ததும் கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவார். நாலு வருஷமாக அப்படித்தான். அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. விளம்பரம் பிடிக்காத மனிதரைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவானேன் என்று மாஸ்டரும் விட்டுவிட்டார்.

பத்து அடித்தது. ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

துணிப்பையோடு வந்த ஒரு அம்மா மாஸ்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி மாஸ்டரைப் பார்த்தார்.

"இது எதுக்குங்க வரிசை?"

மாஸ்டர் சிரித்தபடி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பேச முடியாது என்று அர்த்தம்.

பைக்கார அம்மாவின் கண் அகலமாயிற்று. "ஓ! வெளியில தெரிஞ்சா கூட்டம் சேர்ந்துடுமா? நான் மூச்சு விட மாட்டேன்" என்று கிசுகிசுத்துவிட்டுக் குடைக்காரருக்குப் பின்னால் போய் நின்றார். நின்றதும் முதல் வேலையாகத் தன் தங்கைக்குப் போன் போட்டார்.

"உடனே கிளம்பி வா. என்ன கொடுக்கறாங்கன்னு தெரியல. ஆனா ரகசியமாக் கொடுக்கறாங்க. நல்லதாத்தான் இருக்கும்!"

தங்கை வந்தாள். தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது.

மாஸ்டர் நடைபாதையின் ஓரத்துக்கு வந்து, 'போங்க, எல்லாரும் போங்க' என்று கையை ஆட்டினார். ஆனால் அது வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிச் சொல்லியே பழகிய கை. அத்தனை பேரும் ஒழுங்காக ஓரடி பின்னால் போய், சுவரை ஒட்டி நேராக நின்றார்கள்.

"பெரியவர் நல்லா நிர்வாகம் பண்றார்" என்றார் இடுப்பில் ஹெல்மெட்டை இடுக்கியிருந்த ஒருவர். "அந்த வெள்ளைத்துணி எங்கே வாங்கணும்?"

"அது முன்னாலயே பதிஞ்சு வெச்சவங்களுக்காம்" என்றார் பைக்கார அம்மா, எல்லாம் தெரிந்தவர்போல.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 'இங்கே எதுவும் கொடுக்கவில்லை' என்று தெளிவாக எழுதிப் பின்னால் அனுப்பினார். தாள் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஹெல்மெட்காரர் உரக்கப் படித்தார்.

"எதுவும் கொடுக்கவில்லையாம்!"

"அப்பாடா!" என்றார் பைக்கார அம்மா. "நான் பயந்தே போயிட்டேன். அப்ப இன்னும் ஆரம்பிக்கல. நாம நேரத்தோடதான் வந்திருக்கோம்."

வரிசை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியது. அந்தச் செய்தி கேட்டு இன்னும் இருபது பேர் சேர்ந்தார்கள்.

ஹெல்மெட்காரர் தன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அங்கே வேறொருவர் நின்றார்.

"யோவ், என் ஹெல்மெட் நிக்கறது தெரியல?"

"ஹெல்மெட் நிக்குது. உள்ளே தலையைக் காணோமே!"

சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போயிற்று. அமைதிக் குழுவின் வரிசையில் அடிதடி! மாஸ்டரின் வலது கால் தானாக நடைபாதையை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அதற்குள் முனையிலிருந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"என்ன கூட்டம் இது? யாரு பொறுப்பு?"

மாஸ்டர் பேசாமல் அனுமதிச் சீட்டை நீட்டினார். போலீஸ்காரர் முதல் நாலு வரியைப் படித்தார். அவர் முகம் மாறியது. வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாம் முறையா அனுமதி வாங்கித்தான் நடக்குது. ஒற்றை வரிசை! யாரும் பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஒரு சத்தம் வந்துச்சோ, மொத்த வரிசையையும் கலைச்சிடுவேன்!"

அரசாங்கமே சொல்லிவிட்டது. இனி யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தெருமுனை வரை நின்ற அத்தனை பேரும் கப்சிப்பென்று ஆனார்கள்.

அந்த நேரம் பார்த்து டாக்சி வந்து நின்றது.

தலைமை அலுவலகத்து அம்மா இறங்கினார். நரைத்த தலை, தோளில் பெரிய கைப்பை. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல நடந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அதன் தாய் பதறி அதன் வாயில் விரலை வைத்தாள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாமும் போய்க் கடைசியில் நின்றுகொண்டார்.

மாஸ்டரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடி, 'ஆண்டவனே, இதை நீ ஓட்டறியா, நான் ஓட்டறேனா?' என்று கேட்டுக்கொண்டார்.

பதினொன்று அடித்தது.

"மாப்ளே, வாயைத் திறந்துடாதே" என்று மச்சான் காதோரம் சீறினார். "அந்தம்மா எண்ணிட்டுப் போகட்டும். நம்ம குழு பிழைச்சுது. மத்ததை அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம்னா, அதுவரைக்கும் இவங்க வெயில்ல நிக்கணுமே மச்சான்? அந்தக் குழந்தைக்கு மூஞ்சியே சிவந்துபோச்சு."

"குழு போயிடுமே!"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "சொல்லிடுங்க" என்றாள் அவள். "நான் போய் எல்லாருக்கும் தண்ணி எடுத்துட்டு வரேன்."

மாஸ்டர் கட்டடத்தின் படியில் ஏறி நின்று கும்பிட்டார்.

"எல்லாரும் மன்னிக்கணும். இது வரிசையே இல்ல. இந்த ஜன்னல் திறக்காது. இங்கே இன்னிக்கும் எதுவும் கொடுக்க மாட்டோம், என்னிக்கும் கொடுக்க மாட்டோம். நாங்க அணுகுண்டு வேண்டாம், அணு உலை வேண்டாம்னு நிக்கறவங்க. பேசக் கூடாதுங்கறதால முன்னாலயே சொல்ல முடியல. தப்பு என்னோடதுதான்."

மடை திறந்ததுபோலக் கூச்சல் கிளம்பியது.

"ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு மணி நேரம்?"

"எனக்கு ரெண்டு பஸ் போச்சுய்யா!"

"அணுகுண்டை எதிர்த்து நின்னேன்னு சொன்னா என் பொண்டாட்டி நம்புவாளா?" என்றார் ஹெல்மெட்காரர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவரோடு சண்டை போட்டவரும் சிரித்தார். தண்ணீர் வந்தது. வாங்கிக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பைக்கார அம்மா மட்டும் நகரவில்லை.

"வந்ததுக்கு அந்த வெள்ளைத்துணியையாவது கொடுங்க" என்றார். மாஸ்டரின் மனைவி தன் கையிலிருந்ததை அவிழ்த்து அவர் கையில் கட்டிவிட்டாள்.

தலைமை அலுவலகத்து அம்மா நெருங்கி வந்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ உண்மையிலேயே நீங்க எத்தனை பேர்?"

"ஆறு பேர்மா. அவ்வளவுதான்."

"அதோ குடையோட நிக்கறாரே? அவரும் வரிசைன்னு நினைச்சு வந்தவர்தானா?"

"ஐயோ, அவரா!" மாஸ்டர் நிமிர்ந்தார். "அவரைப் பத்தி அப்படி நினைச்சாலே பாவம்மா. நாலு வருஷமா ஒரு சனிக்கிழமை தவறினதில்ல. ஒரு வார்த்தை பேசினதில்ல. குடையைக்கூட அடுத்தவங்களுக்குத்தான் பிடிப்பார். எங்க அஞ்சு பேருக்கும் சேர்த்து நம்பிக்கை உள்ளவர் அவர்தான்."

குடைக்காரர் தூரத்தில் அந்தச் சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டு சிலைபோல நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

"பாருங்க, எவ்வளவு மனசு நொந்து நிக்கறார்" என்றார் அந்த அம்மா. "நூறு பேர் ஒரு நாள் நிக்கறதைப் பாத்து அழுதுட்டேன், அது கிடக்கட்டும். எதுவும் கிடைக்காதுன்னு தெரிஞ்சும் ஒருத்தர் நாலு வருஷம் நிக்கறாரே, அப்படி ஒருத்தரை வெச்சிருக்கற குழுவை யாராவது கலைப்பாங்களா? நீங்க உண்மையைச் சொன்னீங்க, அதுவும் போதும். உங்க குழு இங்கேயேதான் இருக்கும். அவர் பேரை மட்டும் கேட்டு எனக்கு அனுப்புங்க. நம்ம பத்திரிகையில போடணும்."

டாக்சி போய்விட்டது. மச்சான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சரக்கா தங்கையைப் பார்த்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். தங்கை தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டு அக்கா பேசி வெகுகாலமாயிற்று.

மாஸ்டர் குடைக்காரரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இன்னிக்கு இந்தக் குழு பிழைச்சது உங்களாலதான். இத்தனை நாளும் கேக்காம விட்டது என் தப்பு. உங்க பேர் என்னங்க?"

குடைக்காரர் குடையை விரித்து, உச்சிவெயில் படாமல் மாஸ்டரின் தலைக்கு மேலே பிடித்தார்.

"பென்ஷன் சீட்டுல தப்பா விழுந்த அந்தப் பேரைத் திருத்தத்தானே சார், இந்த ஜன்னல் எப்பவாவது திறக்கும்னு நாலு வருஷமா நின்னுட்டிருந்தேன்... சரி, போகட்டும் விடுங்க, அடுத்த சனிக்கிழமையும் என் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க."