லாபம் சாரும் ஐம்பது கொசுறு இலைகளும்

திருச்சி ஜில்லாவிலேயே ஒன்றிலிருந்து எண்ணத் தெரியாத ஒரே பட்டதாரி எங்கள் லாபம் சார்தான். பி.காம். படித்தவர், அதிலும் முதல் வகுப்பு. ஆனால் எதை எண்ணினாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் வாயில் வரும். காந்தி மார்க்கெட் மண்டியில் பழகிய வாய். முதல் எண்ணிக்கை மங்களமாக இருக்க வேண்டுமாம்.

மண்டியோடு விட்டாரா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, "ஸ்ரீரங்கம் லாபம் குடுங்க" என்பார். புது கண்டக்டர் முழிப்பார். பழைய கண்டக்டர் பேசாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஒருமுறை காய்ச்சலுக்கு டாக்டரிடம் போய், "காலையில லாபம், ராத்திரி ரெண்டு போட்டேன் சார், கேக்கலை" என்றிருக்கிறார். அந்த டாக்டர், லாபம் என்று ஏதோ புது மாத்திரை வந்திருக்கிறது போல என்று மருந்துக் கடையில் விசாரித்ததாகக் கேள்வி.

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், வாழை இலை வாங்கிச் சென்னை ஓட்டல்களுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. வருகிற சரக்கை எண்ணி வாங்குவது அவர் வேலை. கம்ப்யூட்டர் என் வேலை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என் புரோகிராம்தான் உலகத்தைக் காப்பாற்றப் போகிறது என்று நினைப்பு. நினைப்பில் ரொம்பத் தப்பும் இல்லை. அதுவரை இலை போட்ட விவசாயி பணத்துக்கு வாரக்கணக்கில் நடையாய் நடப்பார். இனிமேல் ஓட்டல், கம்பெனி, விவசாயி, பேங்க் எல்லோரும் ஒரே வலையில். ஆர்டர் எவ்வளவு, வந்த சரக்கு எவ்வளவு, பில் எவ்வளவு, இந்த மூன்றும் ஒத்துப்போனால் பணம் தானாகவே போய்விடும். கையெழுத்து கிடையாது, கெஞ்சல் கிடையாது. விவசாயி பஸ் ஏறி வீடு போய்ச் சேருவதற்குள் செல்போன் டிங் என்று அடிக்கும். அந்த டிங்கை நினைத்தே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தொடக்க நாளில், பில்லைப் படிக்க வாங்கியிருந்த ஸ்கேனருக்கு லாபம் சார் பூஜை போட்டார். அது எதையும் படிக்க மாட்டேன் என்றது. ஒயரைப் பிடுங்கி மாட்டி, சென்னைக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் நான் வியர்த்து வழிந்த பிறகு, "தம்பி, அது கண்ணுல வச்ச சந்தனத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அது போகட்டும். சோதனைக்காக முதலில் ஒரே ஒரு விவசாயியைத்தான் வலையில் சேர்த்திருந்தோம். ஜீயபுரம் ஸ்டெல்லா அக்கா. குத்தகை நிலத்தில் வாழை போட்டிருப்பவர். ஆர்டர் ஆயிரம் இலை, பில்லும் ஆயிரம். லாபம் சார் ஒவ்வொன்றாக எண்ணி ஆயிரத்து ஐம்பது என்று ஏற்றினார். நூறு இலைக்கு ஐந்து கொசுறு வைப்பது ஸ்டெல்லா அக்காவின் வழக்கம், வழியில் கிழிந்தால் ஈடுகட்ட. என் புரோகிராமுக்குக் கொசுறு தெரியாது. திரை சிவந்தது, பணம் நின்றது. அடுத்த தடவையும் அதே கதை. மூன்றாவது தடவையும் ஒத்துப்போகாவிட்டால் அவர் பெயரே பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். அந்த விதியை எழுதிய மகானுபாவனும் நான்தான். மாற்றலாம் என்றால் தலைமை ஆபீஸில், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்கள்.

"பேரு போயிடுச்சுன்னா நான் மறுபடி தரகர்கிட்டதாங்க போய் நிக்கணும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "அவரு குடுக்கறப்போ குடுப்பாரு. இலை அறுக்கற ஆளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப கொசுறை விட்டுடுங்கக்கா."

"கொசுறு இல்லாம இலையா? அப்படிக் கையை இறுக்கி ஒரு வியாபாரமாங்க? நான் மாட்டேன்."

லாபம் சாரிடம் போனேன். "சார், ஆயிரம்னே போட்டுடுங்களேன்."

"கண்ணு முன்னால கிடக்கற அம்பது இலையை எப்படி தம்பி இல்லைங்கறது?"

திட்டலாம் என்றால் இரண்டு பேருமே நியாயத்தைப் பேசுகிறார்கள். எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது சரக்கு வந்த அன்று, லாபம் சார் கேட்டுக்கு வெளியே ஓடி, மினி வேனுக்குக் குறுக்கே நின்றார். "உள்ள வந்தாத்தான் சரக்கு. இங்கயே இறக்குங்க." ரோட்டோரம் குத்தவைத்து, லாபம், ரெண்டு என்று ஆரம்பித்து ஐம்பது கொசுறையும் பிரித்தெடுத்தார். ஆயிரம் உள்ளே போயிற்று. ஐம்பது வெளியே கிடந்தது. திருப்பிக் கொடுத்தால் ஸ்டெல்லா அக்காவுக்கு அவமானம். வீட்டுக்கு எடுத்துப்போனால் சரக்கு போடுகிறவரிடம் கை நீட்டியதாகிவிடும். யோசித்துப் பார்த்தவர், நேராக எதிர் மெஸ்ஸுக்குப் போனார். "அம்பது பேருக்கு சாம்பார் சாதம் அனுப்புங்க. காசு என்னுது."

வேப்பமரத்தடியில் வரிசையாக இலை விழுந்தது. லோடுமேன்கள், டிரைவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முக்கொம்புக்குப் பிக்னிக் கிளம்பிய காலேஜ் கும்பல் ஒன்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சேர்ந்துகொண்டது. பாதிச் சாப்பாட்டில், வேனோடு வந்திருந்த ஸ்டெல்லா அக்காவின் செல்போன் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"வந்துடுச்சுங்க" என்றார். நான் இலையை விட்டு எழுந்தே விட்டேன். பந்தியே கை தட்டியது, பாதிப் பேருக்கு எதற்கென்று தெரியாமலே. லாபம் சார் மட்டும் ஓரமாக நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொசுறு இலையில் அவர் உட்காரவே இல்லை.

பந்திச் சேதி சென்னைக்கு எட்டிவிட்டது. மறுநாளே தலைமை ஆபீஸிலிருந்து போன், "உடனே மாத்திடுங்க" என்று. புரோகிராமில் 'கொசுறு, விலை இல்லை' என்று புதுக் கட்டம் ஒன்று சேர்த்தேன். முன்னால் நின்றிருந்த இரண்டு பணமும் ஒரே மதியத்தில் ஸ்டெல்லா அக்காவுக்குப் போயிற்று. அப்புறம் முசிறி வரைக்கும் விவசாயிகள் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு முந்நூறு இலை சொல்லியிருந்தேன். லாபம் சாரே கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்கினார். மேலே ஒரு சீட்டு: 'இலை 300. கொசுறு 15. விலை இல்லை.' உள்ளே வாங்க சார் என்றால், "முதல்ல எண்ணிக்குங்க தம்பி" என்கிறார். அங்கே ஐயர் கூப்பிடுகிறார், மாமனார் முறைக்கிறார். அவர் கொண்டுவந்தது குறையாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எண்ணாமல் வாங்கினால் மனுஷன் முகம் வாடிவிடும். அதை என்னால் பார்க்க முடியாது. பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலிலேயே குத்தவைத்து ஆரம்பித்தேன். "லாபம், ரெண்டு, மூணு..."