வெள்ளைக் கல்லும் புளி வைத்தியமும்

எலுமிச்சங்காயை இரண்டாக வெட்டிய பிறகுதான், அடியில் பலகை வைக்க மறந்தது தனுஷனுக்கு ஞாபகம் வந்தது.

வெட்டியது மாமனார் வீட்டுக் குசினி மேடையில், வெள்ளை மாபிள் கல்லின் மேல். அவசரமாகத் துடைத்தான். அந்த இடத்தில் மட்டும் கல்லின் பளபளப்பு போயே போய்விட்டது.

சுலக்ஷனாவை அவன் காதலித்துக் கட்டியதால் ஒரு வருஷமாக முகம் கொடுக்காத மாமனார் செல்லமுத்து, இப்போதுதான் மாப்பிள்ளையைக் கந்தப்பளை வீட்டுக்கு முதன்முறையாகக் கூப்பிட்டிருந்தார். அவன் வந்தவுடனேயே கல்லைத் தடவிக் காட்டி, "இதக் கெடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்களோட நமக்குப் பேச்சில்ல" என்றும் சொல்லி வைத்திருந்தார். எலுமிச்சஞ்சாறு விட்ட ஒரு பிளேன்டித் தேத்தண்ணிக்கு ஆசைப்பட்டு, வராமல் வந்த மரியாதையை மாப்பிள்ளை விடிந்ததும் விடியாததுமாகக் கெடுத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவன் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாள், விளக்கு மின்னும். விளக்குக்கு ஆகிற புளி கல்லுக்கு ஆகாதா? தேய்த்தான். காசு அளவு இருந்த மங்கல் ரொட்டி அளவுக்கு வளர்ந்தது.

"என்னங்க செய்றீங்க?" பின்னால் சுலக்ஷனா.

"தண்ணி குடிக்க வந்தேன். நீ?"

"நானும் தண்ணி குடிக்கத்தான்."

இரண்டு பேரும் குடிக்கவில்லை. அவள் ரைஸ் குக்கரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் தேத்தண்ணி ட்ரேயை எடுத்துத் தன் தடத்தின் மேல் வைத்தான்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், ட்ரே மூலைக்குப் போயிருந்தது. அவன் தடம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் மாமியார் சண்முகவடிவு நின்றிருந்தாள்.

"தண்ணி குடிக்க வந்தேன் மாப்பிள்ள" என்றாள், யாரும் கேட்காமலேயே.

அவள் போனதும் ட்ரேயைத் தூக்கினான். அதன் கீழும் ஒரு தடம். இங்கே அவன் எதையும் வெட்டவில்லையே! சாறு கல்லுக்குள்ளேயே ஊறிப் போய் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டதா? அதற்கும் புளி போட்டான். அதுவும் வளர்ந்தது. ட்ரேயை அங்கேயே வைத்துவிட்டு, தன் தடத்தை மறைக்கக் குக்கரைத் தூக்கினான். அதன் கீழும் ஒன்று. பூச்சாடியைத் தூக்கினான். அங்கேயும் ஒன்று!

தேயிலைக்கு வருகிற கொப்புள நோய் கல்லுக்கும் வருமா என்று அவனுக்குத் தலை சுற்றியது. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து, தன் தடத்தின் மேல் பிஸ்கட் டின்னைக் குந்த வைத்தான்.

"அப்பா போன் பண்ணுனாருங்க" என்று சுலக்ஷனா வந்தாள். அவள் முகமும் சரியில்லை. "டவுன்லேர்ந்து ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வர்றாராம். அதுவரைக்கும் குசினிப் பக்கம் யாரும் போகக் கூடாதாம்."

கல்லைப் பெருமையாகக் காட்டத்தான் ஆள் வருகிறது! தனுஷன் மிச்சப் புளியைச் சட்டைப் பைக்குள் ஒளித்தான்.

பையும் கையுமாக வந்த ஒருவரோடு செல்லமுத்து உள்ளே நுழைந்தார். வந்தவர் ஒவ்வொரு பொருளாக நகர்த்த, தடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செல்லமுத்து வாயைப் பிளந்தார்.

தனுஷனால் தாங்க முடியவில்லை. "மாமா, எல்லாம் நான்தான்! எலுமிச்சங்கா வெட்டுனேன், புளி போட்டேன், கல்லு முழுக்கப் பரவிருச்சு. இவங்க யாரையும் ஏசாதீங்க."

செல்லமுத்து, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார். "பரவால்ல மாப்பிள்ள. தெரியாமத்தானே செஞ்சீங்க."

"ஆமாங்க, கல்லுதானே!" என்றாள் சண்முகவடிவு, மிக அவசரமாக. சுலக்ஷனா வேகமாகத் தலையாட்டினாள். இவ்வளவு நல்ல மனிதர்களா என்று தனுஷனுக்குக் கண் கலங்கியது.

வந்தவர் பைக்குள்ளிருந்து கல் தேய்க்கிற மெஷினை வெளியே எடுத்தார். கல்லைப் பதித்த மேசன் பாஸ் அழகன்தான் அவர்.

"என்னங்கையா இது? பூச்சாடிக்குக் கீழ உள்ளது உங்க வேலைன்னு நீங்க சொன்னீங்க, ட்ரேக்குக் கீழ உள்ளது தன்னோடதுன்னு அம்மா போன் பண்ணுனாங்க, குக்கருக்குக் கீழ உள்ளதுக்கு உங்க மக பாப்பாவும் போன்ல அழுதுச்சு... தம்பி எதுக்கு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிறாரு?"