தாளாளர் அறையில் தாழ் சுழற்சி

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காடு மலை ஏற வேண்டாம். நாமக்கல் பக்கம் ஏதாவதொரு விடுதிப் பள்ளியில் ஆசிரியர் ஓய்வறைக் கதவைத் திறந்தால் போதும். மேசை குலுங்குகிற சத்தத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். எதிரில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தன் வீரத்தை முடிவுசெய்கிற இனம். நமக்கு அகப்பட்டவர் வேதியியல் ஆசிரியர் தனபால்.

அணைவுச் சேர்மம் நடத்த அவரை மிஞ்ச ஆளில்லை.

"இரும்பு அயனிய ஒரு ஹாஸ்டல்னு வெச்சுக்கங்க சாமி. கீழ மூணு ரூம், மேல ரெண்டு. பசங்க ஆறு எலக்ட்ரான். சுத்தி நிக்கிற ஈனிதான் வார்டன். தண்ணியாட்டம் சாதுவான வார்டன்னா, பசங்க மாடி வரைக்கும் பரவிக்குவானுங்க. அது உயர் சுழற்சி. சயனைடாட்டம் ஒருத்தர் வந்து நின்னாரு? மாடி காலி! கீழ ரூமுக்கு ரெண்டு பேரா கப்சிப்புனு அடங்கிருவானுங்க. அது தாழ் சுழற்சி. அயனி அதேதான் சாமி. சுத்தி நிக்கறது யாருங்கறதுதான் விசயம்!"

இவ்வளவு அழகாகச் சொன்னவருக்குத் தன் ஞாபகம் வந்ததா? எங்கே வந்தது!

இயற்பியல் ஆசிரியை சௌந்திரத்தின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் வளைகாப்பு. அன்றைக்கென்று பார்த்துத் தாளாளர் முருகானந்தம் மாதிரித் தேர்வு வைத்துவிட்டார். ஒருவருக்கும் லீவு கிடையாது. பெற்றவள் இல்லாமல் வளைகாப்பா?

"ஏனுங் டீச்சர் கண்ணக் கசக்கறீங்க? நாயித்துக்கெழம மனுசனுக்கா மாட்டுக்கான்னு இப்பவே கேட்டுப்போட்டு வாரேன்!"

எழுந்தார் தனபால். ஓய்வறை வாசலில் புலி. வராந்தா பாதியில் மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியருகே தலையைக் கோதி, அலுவலகப் படியில் "மனுசனுக்கா மாட்டுக்கா"வை விழுங்கி, தாளாளர் கதவருகே செருப்பையும் கழற்றிவிட்டார். அங்கே செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"என்னுங் தனபால்?" தாளாளர் நிமிர்ந்தார்.

மாடி காலி.

"ஒண்ணுமில்லீங்க... நாயித்துக்கெழம பரீட்சை முடிஞ்சு பசங்க சும்மாதான இருப்பாங்க. ஒரு சிறப்பு வகுப்பும் வெச்சரலாமுங்களான்னு..."

"பலே! நீங்களே எடுத்துருங்க. சௌந்திரம் டீச்சரையும் சேத்திக்கங்க."

திரும்பி வந்து ஓய்வறைக் காற்று பட்டதும் நெஞ்சு பழையபடி விரிந்தது. "உள்ள வெச்சு நல்லா வாங்கி உட்டனுங் டீச்சர். யோசிக்கறாரு."

சௌந்திரம் அந்தக் கழற்றிய செருப்பை ஜன்னல் வழியே பார்த்திருந்தார். தாளாளரின் மனைவி தெய்வநாயகிக்குப் போன் போட்டார். "அக்கா, மொத வளையல நீங்க வந்து போட்டு உடோணும். நானா? எனக்குத்தான் லீவு இல்லீங்களே."

சற்று நேரத்தில் வராந்தா முழுக்கத் தாளாளரின் குரல் கேட்டது. "சரி தெய்வா... சரி... சரி... நானே போவச் சொல்லலாம்னுதான் இருந்தேன்!"

சயனைடுக்கும் வீட்டில் ஒரு சயனைடு.

லீவு வந்தது. மேசை குலுங்கியது. "பாத்தீங்களா டீச்சர், நான் போட்ட போடு!"

"ஆமாங் சார், எருமப்பட்டி வரைக்கும் கேட்டுச்சாமா. ஆனா அந்தச் சிறப்பு வகுப்ப மட்டும் தாளாளரு ரத்து பண்ணலீங்களே. நல்ல யோசனைன்னு உங்களுக்கே உட்டுட்டாரு."

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை என்கிறீர்களா? சந்தோஷம். அதை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள், கேட்போம். அதற்கு ஏன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள்?