மாத்திரை வேண்டாம் என்ற ஆவி

செத்தவர்கள் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், திரைஞானி என்பவரின் அறையில்தான் இந்த அற்புதம். விடிந்தால் போதும், படிக்கட்டில் கூட்டம் முட்டிமோதும். வக்கீல் வந்தார், பல் டாக்டர் வந்தார், கணக்கு வாத்தியார் வந்தார். படித்தவர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏமாறுவார்கள். மற்றபடி வித்தியாசம் எதுவும் இல்லை.

அறை நடுவில் மேசை, அதன்மேல் திரை. கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. திரைஞானி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். "கேளுங்க. உரக்கக் கேளுங்க. அவங்க ரொம்ப தூரத்துல இருக்காங்க." கேட்டதும் திரையில் அம்புக்குறி தானாக நகரும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மூக்கை உறிஞ்சும். போகும்போது ஆளுக்கொரு புட்டி 'ஞானத் தண்ணீர்' வாங்கிக்கொள்ளும். புட்டியில் ஏறும்வரை அதுவும் வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

லாரி ஆபீஸில் பில் போடும் ஒரு மருமகளுக்கு இதெல்லாம் ஊர் வம்பாகத்தான் இருந்தது. ஒருநாள் மாமியாரின் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"அத்தை, பிரஷர் மாத்திரை அப்படியே இருக்கே?"

"உங்க மாமா வேண்டாம்னுட்டாரு."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தனை புருஷன்? அவருதான். மாத்திரை விஷம், ஞானி குடுக்கற தண்ணியக் குடின்னு திரையில எழுதினாரு." மாமியாரின் குரல் குழைந்தது. "நல்லா இருக்கியான்னு கேட்டாரும்மா. உசுரோட இருந்தப்ப ஒரு நாள் கேட்டதில்லை."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். "அப்பா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றான் அவன். அப்பா உயிரோடு இருந்தவரை அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் காதில் வாங்காத பிள்ளை.

அந்த வாரமே மாமியார் குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தார். மருமகள் ஆபீசுக்கு லீவு போட்டாள். "அடுத்த தடவை நானும் வரேன்" என்றாள்.

முன்வரிசையில் இடம் கிடைத்தது. லீவு போட்டாலும் பில் வேலை விடவில்லை; மடிக்கணினியை மடியில் திறந்து வைத்துக்கொண்டாள். ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான் மனசுக்குள்ள கேக்கறேன். மாமா பதில் எழுதட்டும்" என்றாள்.

"உரக்கக் கேட்டாத்தான் விழும்" என்றார் ஞானி.

"செத்த பிறகுமா காது மந்தம்?"

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவள் கண் மேசைக்கு அடியில் போனது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்தது. பார்த்ததும் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஒருமுறை மேசைகளைத் துடைத்தபோது ஒயர் இல்லாத கீபோர்டுகளின் ரிசீவர்கள், இதே மாதிரிக் கறுப்புத் துண்டுகள், இடம் மாறிவிட்டன. பக்கத்து மேசைக்காரர் அடித்த லீவு விண்ணப்பம் இவளுடைய சிமெண்ட் பில்லில் வந்து விழுந்தது. அன்று யாரும் ஆவி என்று சொல்லவில்லை. ரிசீவரைப் பிடுங்கி மாற்றிச் செருகினார்கள், வேலையைப் பார்த்தார்கள்.

அவள் குரலை உயர்த்தினாள். "மாமா, அத்தை மாத்திரை சாப்பிடலாமா?"

திரையில் 'வே' விழுந்தது. கைக்குட்டையைத் தவறவிட்டவள்போல் குனிந்து, ரிசீவரைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினாள். பெரிய திரை அப்படியே நின்றுவிட்டது.

ஞானியின் முகம் கறுத்தது, குரல் தாழ்ந்தது. "சந்தேகப்பட்டீங்க. ஆவி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

"போகலையே" என்று மடிக்கணினியைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். அதில் எழுத்துகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மாத்திரை விஷம். ஞானியின் தண்ணீர் ஒன்றே மருந்து. இரண்டு புட்டி வாங்கிக்கொள்.

"ஒயர் இல்லாத கீபோர்டு ரொம்ப தூரம் எட்டாது. யார்கிட்ட பேசறோம்னு பார்க்கலாமா?" என்று ஞானிக்குப் பின்னால் இருந்த பலகைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே முக்காலியில் ஞானியின் மச்சான். மடியில் கீபோர்டு, பக்கத்தில் தட்டின் மேல் மவுஸ், காது பலகையோடு ஒட்டியிருந்தது. பாவம், அவருக்குத் திரை தெரியாது. ஆவி இடம் மாறியது தெரியாமல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிலர் புட்டிகளை ஞானியின் மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்கள். ஞானி வாசலைத் தேடினார். வாசலை வக்கீல் மறித்துக்கொண்டு நின்றார்; ஏமாந்த வெட்கம் அவருக்குச் சட்டத்தை நினைவுபடுத்தியிருந்தது.

கணக்கு வாத்தியார் மட்டும் அவளிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அப்போ சக்தி இந்தச் சின்னத் துண்டுலதான் இருக்கா? தனியா கிடைக்குமா?"

"கீபோர்டு வாங்கினா கூடவே குடுப்பாங்க சார்."

படிக்கட்டில் மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நல்லா இருக்கியான்னு கேட்டது அவரு இல்லையா?"

கூட வந்திருந்த பிள்ளை ஒரு படி கீழே இறங்கி, அம்மாவின் முன்னால் குந்தினான். "நீ நல்லா இருக்கியாம்மா?"

அவர் அவனையே பார்த்தார். "இல்லடா. தலை சுத்துது. மாத்திரை இருந்தா குடு."

பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டியதைக் கேட்காத வீடுகளில்தான் ஆவிகள் வந்து கேட்கின்றன. அவை அடுத்த முறை வந்தால் குனிந்து கும்பிட வேண்டாம். குனிந்து மேசைக்குப் பின்னால் பாருங்கள். முதுகு வளைவது இரண்டுக்கும் ஒன்றுதான், இதில் மூளையும் கொஞ்சம் அசையும்.