பெட்டிக்குள் வந்த திருடன்

“துருப்பிடிச்ச பூட்டு ஊருக்குக் காவல் காட்டும், கள்ளனுக்கு…” என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். கள்ளனுக்கு என்ன காட்டும் என்பது மட்டும் அவர் தம்பி மகனான கட்டட வரைபடக்காரருக்கு மறந்துபோயிற்று.

அவர் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் முதல் மகள் காலேஜுக்குப் போனதுவரை குடும்பத்துப் படம் அத்தனையும் அதற்குள். வேறெங்கும் பிரதி கிடையாது. ஆபீசில் உட்கார்ந்தபடி நாலு பேருக்குப் படம் காட்ட, இன்டர்நெட் வழியாக அதற்கு ஒரு வாசலையும் அவரே திறந்துவைத்திருந்தார். பாஸ்வேர்டு, கம்பெனி வைத்து அனுப்பிய அதே பாஸ்வேர்டு. மாற்றினால் மறந்துவிடுமாம்.

“அதைக் கம்பெனி கைகழுவி வருஷக்கணக்காச்சு. பாதுகாப்புல ஓட்டை இருக்கு, அடைக்க மாட்டோம்னு அவங்களே சொல்லிட்டாங்க,” என்றாள் மருந்துக்கடை நடத்தும் மனைவி. “என் கடையில தேதி போன மாத்திரையைத் தூக்கித்தான் போடுவேன்.”

“இது மாத்திரை இல்லம்மா. நல்லா ஓடுதுல்ல?”

“பாத்ரூம் குழாயும்தான் ராப்பகலா ஓடுது.”

“நம்ம வீட்டுப் படத்தை எவன் திருடப்போறான்?”

மனைவி அத்தோடு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு படம்கூட இல்லை. ஒரே ஒரு குறிப்பு இருந்தது: ‘படங்கள் என்னிடம். பணம் வேண்டாம். பாத்ரூம் குழாயைச் சரிசெய். வீட்டில் மூச்சு விடாதே.’

விடுவாரா? மனைவிக்குத் தெரிந்தால் திருடனே தேவலை என்று ஆகிவிடும். ஸ்பானரோடு பாத்ரூமுக்குள் போனவரை, கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, குழாய் மேல திடீர்ப் பாசம்?”

“சொட்டுச் சத்தத்துல தூக்கமே வரல.”

“உங்களுக்கா? இடி விழுந்தாலும் புரண்டு படுப்பீங்களே.”

மறுநாள் அடுத்த குறிப்பு: ‘நன்று. இனி பரணைக் காலி செய்.’ எங்கோ இருக்கும் திருடனுக்குப் பரண் எப்படித் தெரியும்? படத்தில் பார்த்திருப்பான் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஏறினார். சாயங்காலம் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார்.

மனைவி காப்பியை நீட்டினாள். “பாவம், களைச்சுட்டீங்க. அந்தத் திருடன்கிட்ட சொல்லுங்க, வாசக்கதவும் கிறீச்சுங்குது.”

காப்பி பாதி வழியில் நின்றது.

“நீயா?”

“கடையிலேர்ந்தே வந்தேன். நீங்க திறந்துவச்ச வாசல், கம்பெனி குடுத்த பாஸ்வேர்டு. அதுகூட இல்லாம ஓட்டை வழியா வர்றவங்க இருக்காங்களாம்.”

“படமெல்லாம்?”

“ரெண்டு புது டிஸ்க்ல பிரதி எடுத்தாச்சு. ஒண்ணு இங்க, ஒண்ணு கடையில.”

அவர் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். “பெரியப்பா சொல்வாரே, கள்ளனுக்கு என்ன காட்டும்?”

“வழி காட்டும்.”

அவர் எழுந்துபோய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போனார்.